படம் வரைந்தால் பாடம் முடிந்ததா?

மாணவி ஒருத்தி பிழையற்ற விடை எழுதினாள். பிழையற்று எழுதியதற்காகவே இரண்டு மதிப்பெண் இழந்தாள். நாட்டில் நடக்கின்ற எத்தனையோ கேடுகளுக்கிடையில் இஃதொரு சிறு செய்தி என்று தள்ளுவார் தள்ளுக. கல்வியைக் காக்க விழைவார் சற்றே நின்று கேட்க.

வினா இது: குவியப்பெட்டி ஒன்றில் கணினிகள் தனித்தனிக் கம்பியால் இணைக்கப்பட்டுள்ளன, இஃது எவ்வடிவம்? இதில் செய்திகள் ஒன்றோடொன்று மோதுமா? கடைக்காரர் ‘ஹப்’ என்று சொல்லி விற்ற பெட்டியைத்தான் வினா குறிக்கின்றது. அவள் எழுதினாள்: “வடிவால் விண்மீன், நடையால் ஒரே பொதுக்கம்பி, ஆகலின் மோதும்.” திருத்தியவர் அதன் குறுக்கே சிவப்புக் கோடிழுத்து, “விண்மீன் வடிவில் மோதல் இல்லை” என்று எழுதி வைத்தார். அவர் கையிலிருந்த கையேடு அவ்வாறுதான் சொல்கின்றது. கையேடு சொல்லிவிட்டால் கதிரவனும் மேற்கே எழ வேண்டுமன்றோ!

விடைத்தாளை அவள் என்னிடம் கொண்டுவந்தாள். யானோ இலக்கணம் கற்பிப்பவன். கணினி என் துறையன்று. ஆயினும் எழுத்தின் வரிவடிவம் வேறு, ஒலி வேறு என்று முப்பதாண்டாக ஆறாம் வகுப்புக்குச் சொல்லி வருகின்றவனுக்கு, இங்கும் அதே குழப்பம் நிகழ்ந்திருப்பது உடனே புலப்பட்டது. கம்பி எப்படிக் கிடக்கின்றது என்பது ஒன்று. அக்கம்பியில் யார் எப்பொழுது பேசலாம் என்னும் முறை மற்றொன்று. முன்னதைக் கண்ணால் காணலாம், படம் வரையலாம். பின்னது படத்தில் அகப்படாது. அகப்படாததைக் கையேட்டுக்காரர் விட்டுவிட்டார். மாணவர்க்கு ஒரு கோடு, ஒரு வளையம், ஒரு விண்மீன் என மூன்று கோலங்கள் மட்டும் எஞ்சின.

முறைதான் முதலில் பிறந்தது; அதன் வரலாற்றைப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டில், அமைதிப் பெருங்கடலிலுள்ள அவாய்த் தீவுகளில் கம்பியே இல்லாமல் ஒரு பிணையம் இயங்கத் தொடங்கிற்று. ‘அலோகா’ என்பது அதன் பெயர். அவாய்ப் பல்கலைக்கழகத்து நார்மன் ஆபிராம்சன் குழுவினர் அமைத்தது. பல இடத்துக் கருவிகளும் ஒரே வானலை வழியில் நடுக்கணினிக்குச் செய்தி விடுத்தன. முறை மிக எளிது: பேச வேண்டுமானால் பேசு, ஒப்புகை வரவில்லையேல் உன் செய்தி பிறர் செய்தியோடு மோதிக் கெட்டது என்று கொள், குலுக்கலில் விழுந்த சிறுபொழுது காத்திருந்து மீண்டும் பேசு. கேளாமல் பேசும் இம்முறையில் வழியின் ஆற்றலில் ஏறத்தாழ 18 விழுக்காடே பயன்படும். பொழுதை ஒத்த கூறுகளாக வகுத்துக் கூற்றின் தொடக்கத்தில் மட்டும் பேசச் செய்தால் 37 விழுக்காடு வரை ஏறும். இந்த 37 என்னும் எண்ணை நினைவில் வையுங்கள். இதை வைத்துத்தான் பின்னர்ப் பெரும் பொய்யொன்று உலவிற்று.

ஆபிராம்சன் கட்டுரையைப் படித்த இராபர்ட்டு மெட்கால்பு, 1973-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலுள்ள செராக்சு ஆய்வகத்தில் தேவிட்டு பாக்சுடன் சேர்ந்து அதைக் கம்பிக்குக் கொண்டுவந்தார். அதுவே ஈதர்நெட்டு. அவர்கள் சேர்த்தவை இரண்டு. பேசுமுன் கேள், பிறர் பேசினால் பொறு. பேசும்போதும் கேள், மோதல் தெரிந்தால் அப்பொழுதே நிறுத்து. தலைவனில்லை, முறை கூறுவானில்லை. ஒவ்வொரு கருவியும் தன்னைத்தானே அடக்கிக்கொள்கின்றது. முதன்முறை மோதினால் இரண்டு கூறுகளுள் ஒன்றைக் குலுக்கி எடுத்துக் காத்திருக்கும்; மீண்டும் மோதினால் நான்கினுள் ஒன்று; பிறகு எட்டு; இவ்வாறே 1,024 வரை இரட்டிக்கும். பதினாறு முயற்சியும் தோற்றால் கைவிடும். நெருக்கடி மிக மிகத் தான் பின்வாங்கும் இவ்வொழுக்கம் நம் பேருந்து நிலையங்களுக்கு என்று வருமோ, அறியேன்.

இந்நிலையில்தான் ஐ.பி.எம். நிறுவனம் 1985-இல் வளையப் பிணையத்தைக் கொணர்ந்தது. அதில் முறைவில்லை ஒன்று கணினிக்குக் கணினி கைமாறிச் சுற்றும். வில்லை கையிலுள்ளதே பேசலாம். மோதல் என்பதே எழாது. எத்துணைப் பொழுதுக்குள் தன் முறை வரும் என்று வரம்பிட்டும் சொல்லலாம். இச்சிறப்பை மறுப்பது அறமன்று. தொழிற்சாலைப் பொறிகளுக்கு இவ்வுறுதி வேண்டுமென்றே செனரல் மோட்டார்சு நிறுவனம் முறைவில்லை வழியைத் தேர்ந்தது. ஆனால் வளையத்தார் தம் சிறப்பைச் சொல்லி அமையவில்லை. ஈதர்நெட்டு 37 விழுக்காட்டுக்கு மேல் சுமை தாங்காது, கூட்டம் மிகுந்தால் நிலைகுலையும் என்ற பேச்சு எங்கும் பரவிற்று. இன்றும் கையேடுகள் அதை ஒப்பிக்கின்றன.

கணக்கிட்டே பார்த்துவிடுவோம். நொடியைப் பத்து இலக்கம் பங்காக்குங்கள். நொடிக்கு நூறு இலக்கம் துணுக்குச் செல்லும் ஈதர்நெட்டில், 512 துணுக்குடைய மிகச் சிறிய செய்திக்கு 51.2 பங்கு பிடிக்கும். மோதலைக் கண்டறியும் ஒரு கூறும் அதே 51.2 பங்குதான். எண்ணிறந்த கணினிகள் ஒருங்கே போட்டியிட்டாலும், வழி ஒருவர்க்குக் கிடைக்குமுன் வீணாவது நிரலளவில் 1.72 கூறு, அஃதாவது 88 பங்கு. 51.2 பயன், 88 வீண் என்றால் 37 விழுக்காடு வரும். மெய்தான். ஆனால் எல்லாரும் எக்காலும் மிகச் சிறிய செய்தியையே விடுத்தால்தான் அது மெய். 12,144 துணுக்குடைய மிகப் பெரிய செய்திக்கு ஏறத்தாழ 1,214 பங்கு பிடிக்கும். வீணாவது அதே 88. பயன் 93 விழுக்காடு! 1988-இல் பாக்சும் வேறிருவரும் உண்மைக் கம்பியில் இருபதுக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டி, முழுச் சுமை ஏற்றி அளந்து, இக்கட்டுக்கதையை உடைத்து வெளியிட்டனர். வெளியிட்டு எத்தனை ஆண்டாயிற்று! கையேட்டுக்காரர் காதில் இன்னும் விழவில்லை.

இனி அம்மாணவியின் வழக்குக்கு வருவோம். ஐ.பி.எம். வளையத்தில் கம்பிகள் வளையமாகவா கிடந்தன? இல்லை. ஒவ்வொரு கணினியிலிருந்தும் நடுப்பெட்டிக்குத் தனிக் கம்பி சென்றது. பார்த்தால் விண்மீன், வில்லை ஓடுவதோ வளையம். தொழிற்சாலையிலோ பார்த்தால் நேர்க்கம்பி, முறையோ வளையம். 1990-இல் முறுக்கிணைக் கம்பி ஈதர்நெட்டு தரப்படுத்தப்பட்டபோது அதற்கும் விண்மீன் வடிவே வந்தது. ஆனால் நடுவிலிருந்த குவியப்பெட்டி, ஒரு துளையில் வந்த துணுக்கைப் பிற துளைகள் அனைத்திலும் அப்படியே திருப்பி ஒலிக்கும் எதிரொலிப் பாறை, வேறொன்றும் அறியாது. இருவர் ஒருங்கே பேசினால் மோதல்தான். நீண்டு கிடந்த பொதுக்கம்பி ஒரு பெட்டிக்குள் சுருண்டதே தவிர, மறையவில்லை. அவள் எழுதியது இதைத்தான்.

“இக்காலத்தில் யார் குவியப்பெட்டி வாங்குகின்றார்? எல்லாம் சுவிட்சு அல்லவா?” என்று திருத்தியவர்க்காகப் பரிந்து ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. சுவிட்சு எனப்படும் பிரிப்புப்பெட்டி செய்தியின் முகவரியைப் படித்து உரியவருக்கு மட்டும் அனுப்பும். 1997-இல் இருவழிப் பேச்சும் தரத்தில் சேர்ந்தபின், அவ்வழி இயங்கும் இணைப்பில் மோதல் ஒழிந்தது. 2002-இல் வந்த, நொடிக்கு ஆயிரங்கோடித் துணுக்கு செல்லும் ஈதர்நெட்டில் மோதலறியும் முறையே இல்லை. ஆனால் இதனால் விளங்குவது என்ன? குவியப்பெட்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் பிரிப்புப்பெட்டியை வைத்தபோது விண்மீன் விண்மீனாகவே இருந்தது, முறைதான் மாறிற்று. மோதலை ஒழித்தது வடிவமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வினாவில் இருந்ததும் குவியப்பெட்டியே, பிரிப்புப்பெட்டி அன்று.

பழங்கதை என்று தள்ளுவதற்குமில்லை. கையிலிருக்கும் பேசியின் வைஃபை, அவாய்த் தீவின் வானலைபோல இன்றும் பொதுவழியே. தன் குரலின் பேரொலியில் பிறர் குரல் கேளாதாகலின், அங்கே மோதலை அறிந்து நிறுத்த இயலாது. முன்கூட்டியே ஒதுங்கிக் குலுக்கலிட்டுக் காத்திருக்கின்றது. நடுப்பெட்டியைச் சுற்றி விண்மீனாகப் படம் வரைந்து “மோதல் இல்லை” என்று எழுதுவாரோ அதற்கும்?

மறுதிருத்தம் கேட்டு யான் எழுதிய மடலுக்கு இதுவரை மறுமொழி இல்லை. மடலோடு ஒரு படமும் வைத்திருந்தேன்: எட்டுத் துளைக் குவியப்பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே எட்டுக்கும் பொதுவாக ஓடும் ஒரே வழியைச் சிவப்பு மையால் காட்டியது. படத்தை மட்டுமே நம்புவார் அதையேனும் பார்த்திருக்கலாம்.