குறைத்த பின்னும் மிகுந்த ஒளி



சென்ற கோடையில் ஒரு நாள், பின்னிரவு மூன்றரை மணி. உப்பளங்களுக்கு அப்பாலுள்ள வீடொன்றில் முதியவர் ஒருவர் மிகவும் தளர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நோயில்பூசுதலுக்கான எண்ணெயை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அழைக்க வந்தவர் அவருடைய மருமகன், உப்பளத் தொழிலாளி. சாலை வழியே சுற்றினால் நேரமாகும் என்று, பாத்திகளுக்கு நடுவிலுள்ள வரப்பின்மீது அழைத்துச் சென்றார்.

மரக்காணத்து உப்பளங்களை இரவில் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால், விடியுமுன்பே அங்கு ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். விளக்குகள் அதிகம் இரா. தேய்பிறை நிலவின் சிற்றொளியில் உப்புக் குவியல்கள் வெளுத்துத் தெரியும். வரப்பு கருங்கோடாய் நீளும். பழகிய கால்களுக்கு அதுவே போதும்.

பாதி வழியில் என் கைப்பேசி ஒலித்தது. திரையின் ஒளியை அடிமட்டம் வரை குறைத்தே வைத்திருந்தேன். வந்திருந்த செய்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்தால், குவியல்களும் இல்லை, வரப்பும் இல்லை; எங்கும் ஒரே இருள். எடுத்து வைத்த அடுத்த அடியில் இடக்கால் உப்புநீரில் இறங்கிவிட்டது. கையைப் பிடித்துத் தூக்கிய அம்மனிதர் சொன்னார்: “சாமி, அதைப் பையில போட்டுட்டு கொஞ்ச நேரம் நில்லுங்க. கண்ணு தானா பழகிக்கும்.”

அவர் சொன்னது மருத்துவ நூல்கள் கூறும் உண்மையே. நம் விழித்திரையில் இருவகை உயிரணுக்கள் உள்ளன. பகலில் நிறங்களை அறிபவை கூம்பணுக்கள். மங்கிய ஒளியில் உருவங்களை அறிபவை கோலணுக்கள். கோலணுக்களில் வைட்டமின் ஏ சத்தினால் உண்டாகும் ரொடாப்சின் என்னும் நிறமி உள்ளது. வெளிச்சம் பட்டதும் அது சிதைந்துபோகிறது. மீண்டும் முழுமையாகச் சேர்வதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகும். நொடியில் இழப்பதைத் திரும்பப் பெற அரைமணி நேரம் காத்திருக்க வேண்டியுள்ளது!

‘ஒளியைத்தான் அடிமட்டத்துக்குக் குறைத்திருந்தீர்களே’ என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். திரையின் ஒளிர்வை ‘நிட்’ என்னும் அலகால் அளப்பார்கள். பல கைப்பேசிகளின் மிகக் குறைந்த ஒளிர்வு ஏறத்தாழ 2 நிட். முழுநிலவில் விரித்து வைத்த வெள்ளைத் தாளோ 0.1 நிட்டைக்கூட எட்டுவதில்லை. ஆக, நாம் மங்கல் என்று எண்ணும் திரை, நிலவில் மின்னும் உப்புக் குவியலைவிட இருபது மடங்குக்கும் மேலாக ஒளிர்கிறது. பகல் வெளிச்சத்தில் திரை அறவே தெரியாமல் போய்விடக் கூடாது, வண்ணங்களும் சீர்கெடக் கூடாது என்பதற்காகச் செய்பவர்கள் வகுத்த எல்லை அது. இருளில் இருக்கும் கண்ணுக்காக வகுத்த எல்லையன்று.

2016ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர்கள் இருவரைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். இருவரும் பெண்கள். அவ்வப்போது ஒரு கண்ணில் மட்டும் சில நிமிடங்கள் பார்வை போய்விடுகிறது என்று அஞ்சி வந்தவர்கள். ஆராய்ந்தபோது காரணம் எளிதாயிருந்தது. படுக்கையில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண் தலையணையில் புதைந்திருக்க, மறு கண்ணால் கைப்பேசியைப் பார்த்திருக்கிறார்கள். புதைந்த கண் இருளுக்குப் பழகிவிட, திரையைப் பார்த்த கண் ஒளிக்குப் பழகிவிட்டது. விளைவு, கைப்பேசியை வைத்ததும் ஒரு கண் குருடானது போன்ற மயக்கம்! கேடு ஏதுமில்லை; ஆனால் அதே மயக்கம் வரப்பின்மீது நேர்ந்தால் கால் தவறும்.

அன்று அந்த வீட்டை அடைந்தபோது வேறொன்றையும் கண்டேன். ஒரே அறை. மகள் தரையில் அமர்ந்து விழித்திருந்தார். மருந்து வேளை பார்ப்பதற்காக அவர் கைப்பேசியைத் தொடும்போதெல்லாம், பெரியவர் முனகிக்கொண்டே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடிமட்ட ஒளியே அவருக்கு அவ்வளவு உறுத்தியது.

அந்த அடிமட்டத்துக்கும் கீழே ஒரு படி உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் பல கைப்பேசிகளில் ‘எக்ஸ்ட்ரா டிம்’ என்றொரு வசதி இருக்கிறது. அமைப்புகளில் ‘அக்செசிபிலிட்டி’ என்னும் பகுதியில் அதைத் தேடுக. ஐபோன் வைத்திருப்போர் அதே பகுதியில் ‘ரெட்யூஸ் வைட் பாயிண்ட்’ என்பதைக் காணலாம். இவை திரையின்மீது மெல்லிய கறுப்புத் துணியைப் போர்த்தியதுபோல் ஒளியை மேலும் மட்டுப்படுத்துகின்றன. எவ்வளவு வேண்டும் என்பதையும் நாமே அளந்து வைக்கலாம்.

சில எச்சரிக்கைகள். பொழுது விடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள். உப்பளத்து வெயிலில் திரை கல்போல் கிடக்கும், பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கடைக்கு ஓட நேரிடும். பழைய கைப்பேசிகளுக்கென்று தனிச் செயலிகள் உள்ளன. அவை மற்றச் செயலிகளின்மேல் திரையிட அனுமதி கேட்கும். நம்பத் தகுந்ததா என்று பாராமல் இசைய வேண்டாம். கைப்பேசியைத் தொடாத நாளிலும் அந்தி மயங்கியதும் கண் தெரியவில்லையென்றால், அது மாலைக்கண்ணாக இருக்கலாம். தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இவை எல்லாவற்றையும்விட நல்லது, வரப்பில் நடக்கும்போது கைப்பேசியைப் பையிலேயே விட்டுவிடுவது.

ஓரறையில் ஐவர் உறங்கும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. அங்கே இருள் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பள்ளி செல்லும் பிள்ளைக்கும், மூன்று மணிக்கு உப்பளம் செல்லும் தகப்பனுக்கும், நோயுற்ற பெரியவருக்கும் அதில் பங்குண்டு. நம் கையிலுள்ள சிறு திரை அந்தப் பங்கைப் பறிக்கலாகாது.

மறுநாள் மாலை மீண்டும் சென்று, அம்மகளின் கைப்பேசியில் அந்த ஒளியைக் குறைத்து வைத்தேன். பத்து நாள்களுக்குப் பின் பெரியவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்து திரும்புகையில் அப்பெண் சொன்னார்: “கடைசி நாளுங்கள்ல அப்பா என் பக்கம் திரும்பியே படுத்திருந்தாரு, சாமி.”