கரும்பொருள் சிதைகிறது என்றால், வெற்று வானத்தில் அது எங்கே?

குளத்தூர், பாறசாலைப் பக்கம் எங்கு அறிவியல் கூட்டம் நடந்தாலும் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது: "கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் சிதைவதை எக்ஸ்-கதிர் தொலைநோக்கிகள் பார்த்துவிட்டன. நம் விண்ணியலாளர் சந்திரசேகர் பெயர் தாங்கிய சந்திராவே பார்த்துவிட்டது!" கைதட்டல் எழுகிறது. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். பத்தாண்டு கடந்தும் இதைத் திருத்த ஆளில்லை என்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

2014-இல் எஸ்ரா புல்புல் குழுவினர் 73 விண்மீன்மண்டலக் கொத்துகளை எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்தொலைநோக்கி எடுத்த பதிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 3.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே இனம்தெரியாத ஒரு மேடு தெரிந்தது. போயார்ஸ்கி குழுவுக்கும் ஆண்ட்ரோமெடா விண்மீன்மண்டலத்தில் அப்படியே. 7.1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள 'மலட்டு நியூட்ரினோ' என்னும் அனுமானக் கரும்பொருள் துகள் சிதைந்து, பாதி ஆற்றலை ஒளியாக விடுகிறதோ என்று அவர்கள் தயங்கித் தயங்கி எழுதியது நம் மேடைகளில் தீர்ப்பாகிவிட்டது.

அந்த மேடு எவ்வளவு உயரம்? பின்னணிக்கு மேல் ஏறத்தாழ 1 சதவீதம். ஒரே விண்கலத்தின் இருவகைக் கேமராக்களில் ஒன்று 3.57 என்றது, மற்றது 3.51 என்றது. எலக்ட்ரான்களை இழந்த பொட்டாசியம் 3.48-லும் 3.52-லும் கதிர் விடும். கொத்துகளில் கொதிக்கும் வாயுவில் அதுவே போதும் என்று ஜெல்டெமாவும் ப்ரொஃபூமோவும் அதே ஆண்டு சொன்னார்கள்.

சந்திரா பார்த்ததா? பெர்சியஸ் கொத்தில் பார்த்தது. வர்கோ கொத்தில் பார்க்கவில்லை. இரண்டும் புல்புல் குழுவின் அதே கட்டுரையில் இருக்கின்றன. மேடையில் ஒன்றை மட்டும் வாசிக்கிறார்கள். சந்திரசேகர் பெயரைச் சொல்லி அரைக் கதை சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதையா? பெர்சியஸையே பல மடங்கு கூர்மையாகப் பார்த்த ஜப்பானின் ஹிட்டோமி விண்கலம், 2016-இல் சிதறிப்போவதற்கு முன் எடுத்த பதிவில் சொல்லப்பட்ட பலத்தில் அந்தக் கதிர் இல்லை.

இவையெல்லாம் போகட்டும். இந்த வாதத்தை அடியோடு சாய்ப்பது வேறொன்று. தானாகச் சிதையும் பொருளுக்கு வாயுவும் வேண்டாம், வெப்பமும் வேண்டாம். எங்கே எவ்வளவு இருக்கிறதோ அங்கே அவ்வளவு கதிர் வரவேண்டும். அந்தக் கரும்பொருள் கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் மட்டுமா இருக்கிறது? நம் பால்வீதியே அதற்குள்தான் மூழ்கிக் கிடக்கிறது. பொழியூர்க் கடற்கரையில் நிற்பவரின் தலைக்கு மேலே எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் அது கரும்பொருளைத் துளைத்துக்கொண்டுதான் போகும். அப்படியானால் கொத்தே இல்லாத வெற்று வானத்திலும் அதே 3.5 தெரிந்தாக வேண்டும். டெசர்ட், ராட், சாஃப்டி மூவரும் இதைத்தான் சோதித்தார்கள். எக்ஸ்எம்எம்-நியூட்டன் வேறு வேலையாகப் பார்த்த படங்களின் ஓரங்களில் கிடந்த வெற்று வானத்தைத் திரட்டினார்கள். மொத்தம் சுமார் 3 கோடி விநாடி, கிட்டத்தட்ட ஓராண்டு முழுக்கக் கண் கொட்டாமல் பார்த்ததற்குச் சமம். சிதைவு வாதம் கேட்கும் அளவுக்கு அங்கே கதிர் இல்லை. இந்த முடிவு 2020-இல் சயின்ஸ் இதழில் வந்தது. கணக்கு முறை சரியில்லை என்று சிலர் கிளம்பினார்கள். 1 சதவீத மேட்டை நம்பியபோது அந்தக் கண்டிப்பு எங்கே போயிருந்தது? வாயு மிகக் குறைந்த, கரும்பொருள் மிகுந்த டிராக்கோ குறுமண்டலத்தைப் பல நாள் நோக்கியும் ஜெல்டெமா குழு அந்தக் கதிரைக் காணவில்லை.

"வேறு விளக்கம் இல்லையே" என்பது கடைசிப் பிடி. விளக்கம் தெரியாத எக்ஸ்-கதிர் நமக்குப் புதிதல்ல. நமக்குப் பக்கத்துத் தும்பாவிலிருந்து 1960-களின் கடைசியிலேயே எக்ஸ்-கதிர்க் கருவிகள் ராக்கெட்டில் ஏறின. அந்தக் காலத்தின் பெரும் புதிரான ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்னும் எக்ஸ்-கதிர் ஊற்று, துணை விண்மீனின் வாயுவை இழுத்து விழுங்கும் நியூட்ரான் விண்மீன் என்றுதான் முடிந்தது. அதற்கு எந்தப் புதுத் துகளும் தேவைப்படவில்லை. இந்த 3.5-க்கும் கந்தகம் காத்திருக்கிறது. எலக்ட்ரான்கள் எல்லாம் உரிந்த கந்தக அணு, குளிர்ந்த ஹைட்ரஜனிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொள்ளும்போது அதே இடத்துக்கு மிக அருகில் கதிர் விடுகிறது. ஹைடல்பெர்க் ஆய்வகத்தில் அதை உண்டாக்கி அளந்தே பார்த்து, 2016-இல் வெளியிட்டுவிட்டார்கள்.