பிரதியிடல் முறையை ஒதுக்கலாமா?

இரு மாறிகளில் அமைந்த ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்க்கப் பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல் என மூன்று வழிகளைப் படிக்கிறோம். "பிரதியிடல் நீளமானது, பிழை வரும், குறுக்குப் பெருக்கலை நெட்டுருப் போட்டுவிடு" என்ற அறிவுரை மாணவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

மதுரையிலிருந்து மேலூருக்குப் பேருந்தில் செல்லும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று முழு டிக்கெட், நான்கு அரை டிக்கெட், மொத்தம் 150 ரூபாய் என்போம். கூட வரும் பாட்டி காகிதம் தேடமாட்டார். இரண்டு அரை சேர்ந்தால் ஒரு முழு. ஆக ஐந்து முழு. முழு டிக்கெட் 30, அரை 15. தெரியாத ஒன்றின் இடத்தில் அதற்குச் சமமான மற்றொன்றை வைத்தார். பிரதியிடல் என்பது இவ்வளவுதான்.

சரி, கொஞ்சம் கடினமான கணக்கு. கி.பி. 850-ஐ ஒட்டி, இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலை எழுதினார். சென்னையில் எம். ரங்காச்சாரியார் 1912-இல் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். அதில் ஒரு கணக்கு: நாரத்தை இனப் பழம் 9, விளாம்பழம் 7, இவற்றின் விலை 107. முன்னது 7, பின்னது 9 என்றால் 101. தனித்தனி விலை என்ன?

9நா + 7வி = 107; 7நா + 9வி = 101. முதல் சமன்பாட்டிலிருந்து வி = (107 – 9நா)/7. இதை இரண்டாவதில் இட்டு, 7 ஆல் பெருக்குங்கள்: 49நா + 963 – 81நா = 707. எனவே 32நா = 256; நா = 8, வி = 5.

மகாவீரர் தரும் விதியோ வேறு மாதிரி இருக்கிறது: பெரிய விலையைப் பெரிய எண்ணாலும், சிறிய விலையைச் சிறிய எண்ணாலும் பெருக்கி, வேறுபாட்டை அவ்வெண்களின் வர்க்க வேறுபாட்டால் வகு. அதாவது (963 – 707)/(81 – 49). நம் வரிகளில் வந்த அதே 963, 707, 81, 49! படிகளைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவதே சூத்திரம். படிகளை ஒருமுறையாவது நடந்து பார்த்தவருக்குச் சூத்திரம் மறந்தாலும் கவலையில்லை.

பின்னங்கள் குவியும் இடத்தில் நீக்கல் முறையே சுருக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். (மேலே உள்ள இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 16 சோடி 208, ஒரு சோடி 13!) எந்த வழி என்பதைக் கணக்கைப் பார்த்து மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். "இம்முறையில்தான் தீர்க்க" என்று வினாத்தாள் கட்டளையிடுவதில் எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் 1 கிலோ மல்லிகையும் 2 கிலோ பிச்சியும் 1,400 ரூபாய் என்று ஒரு சீட்டு. 2 கிலோ மல்லிகையும் 4 கிலோ பிச்சியும் 2,900 என்று மற்றொன்று. சூத்திரத்தில் இட்டால் பகுதி பூச்சியமாகி, கணக்கு நின்றுவிடும். பிரதியிட்டால்? ம = 1,400 – 2பி; ஆகவே 2,800 – 4பி + 4பி = 2,900. பிச்சி மறைந்து, 2,800 = 2,900 என்ற பொய் எதிரே நிற்கும். இரண்டு சீட்டும் ஒரே விலையில் போட்டவை அல்ல. நடுவில் விலை மாறியிருக்கிறது.