அளவெடுத்துத் தைக்கப்படும் அச்சம்

சப்பாத்து வாங்குபவனின் காலை அளக்கிறார்கள். சட்டை தைக்கக் கொடுப்பவனின் மார்பை அளக்கிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஆடைக்குள் மறைத்துக்கொண்டு செல்லும் கைத்துப்பாக்கியை வாங்குபவனுக்கும் இன்று இவ்வாறே அளவு பார்க்கப்படுகிறது. மெலிந்தவன் பருத்த துப்பாக்கியை இடுப்பிற் செருகினால் அதன் வடிவம் சட்டைக்கு மேலாகப் புடைத்துத் தெரியும். ஆகவே அவனுக்குத் தட்டையானது. தொந்தியுடையவன் முன்புறத்திற் செருகினால் உட்காரும்போது பிடி வயிற்றில் குத்தும். ஆகவே அவனுக்கு உறை இடுப்பின் பக்கவாட்டில். பெண்ணுக்கு இடை ஒடுங்கி இடுப்பு அகன்றிருப்பதால் பிடி விலாவை நோக்கிச் சாயும். ஆகவே அவளுக்கு வேறோர் உறை, அல்லது இதற்கெனத் தைத்த கைப்பை. சுட்டுவிரல் விசையை எட்டுமா, சிறுவிரல் பற்ற இடமுண்டா என்பனவும் பார்க்கப்படும். மிகச் சிறியதை மறைப்பது எளிது. ஆனால் பாரம் குறைந்தமையால் சுடும்போது கையைக் கடுமையாக உதைக்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

இவ்வறிவுரைகளிற் பொய் இல்லை. கைக்குப் பொருந்தாத துப்பாக்கி அதை ஏந்துபவனுக்கே ஆபத்து என்பதை யார் மறுப்பார்? நமது சண்டை வேறு. 'இக்கருவி எனக்கு வேண்டுமா?' என்று ஒரு மனிதன் தன் மனச்சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வியை, 'எந்த அளவில் வேண்டும்?' என்று கடைக்காரனிடம் கேட்கும் கேள்வியாக மாற்றிவிட்டார்களே, அதனோடுதான்.

மறைப்பதற்கென்றே சிறுத்த துப்பாக்கி புதியதன்று. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹென்றி டெரிஞ்சர் செய்த சட்டைப்பைத் துப்பாக்கிதான் 1865ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கனின் உயிரைக் குடித்தது. புதியது சந்தையின் சாமர்த்தியம். ஆண்களுக்கு விற்று முடிந்தால் பெண்களுக்கு விற்க வேண்டும். 1989இல் ஸ்மித் அன்ட் வெசன் கம்பனி 'லேடிஸ்மித்' என்று பெயரிட்டே பெண்களுக்கான துப்பாக்கிகளைக் கடைக்கு அனுப்பியது. அதன் பெயர்தான் பெண்மைக்குச் செய்த மரியாதை போலும்! ஒவ்வோர் உடலுக்கும் ஒரு துப்பாக்கி என்றாகிவிட்டால், ஒரு வீட்டுக்கு ஒன்று போதாது. முதலாளித்துவத்தின் கணக்கு இவ்வளவு எளிமையானது.

சட்டமும் இக்கணக்குக்குத் துணை நிற்கிறது. துப்பாக்கியாற் குற்றம் இழைக்கப்பட்டால் அதைச் செய்த கம்பனிமீது வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலும் தடுக்கும் சட்டம் 2005இல் நிறைவேறியது. மறைத்துக் கொண்டுசெல்ல விரும்புபவர் தக்க காரணம் காட்ட வேண்டும் என நியூயோர்க் மாநிலம் வைத்திருந்த விதி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதாக்கியது. 2024ஆம் ஆண்டளவில் 29 மாநிலங்களில் அனுமதிப்பத்திரமே தேவையற்றதாயிற்று.

வாங்குபவனின் கற்பனையில் இருப்பவன், இருளிலிருந்து பாயும் அந்நியன். சாவுக்கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். 2014 டிசெம்பர் 30ஆம் திகதி ஐடஹோ மாநிலத்து ஹேடன் நகரில், கடைக்குச் சென்ற தாயொருத்தியின் கைப்பைக்குள் அவளது இரண்டு வயது மகன் கையை விட்டான். துப்பாக்கிக்கென்றே அறை வைத்துத் தைத்த பை அது. அவளிடம் அனுமதிப்பத்திரமும் இருந்தது. துப்பாக்கி வெடித்தது, தாய் இறந்தாள்.

இனி, உடலை இவ்வளவு நுட்பமாக அளப்பவர்கள் அளக்காது விட்ட ஒன்றைக் கூற வேண்டும். குட்டை, நெட்டை, மெலிவு, பருமன் என்று பட்டியல் நீள்கிறது. தோலின் நிறம் அதில் இல்லை. ஆனால் யார் துப்பாக்கி ஏந்தலாம் என்பதை அந்நாட்டு வரலாற்றில் நிறமே பலமுறை தீர்மானித்தது. 1956இல் மொன்ட்கொமறி நகரில் வீட்டின்மீது குண்டு வீசப்பட்ட பின்னர், மறைத்துத் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கோரி மார்ட்டின் லூதர் கிங் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அவரைவிடத் தக்க காரணம் காட்டக்கூடியவர் அந்த நகரில் யார் இருந்தார்? கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் கலிபோர்ணியாவில் வெளிப்படையாகத் துப்பாக்கியுடன் நடமாடத் தொடங்கியதும், ரவை நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடங்களில் ஏந்துவதைத் தடைசெய்யும் சட்டம் 1967இல் விரைந்து வந்தது. அதிற் கையொப்பமிட்டவர் அன்றைய ஆளுநர் றொனால்ட் றேகன். துப்பாக்கி உரிமையின் காவலராகப் பின்னாளிற் போற்றப்பட்டவரும் அவரே.

பிலாண்டோ கஸ்ரீல் என்ற கறுப்பின இளைஞர் மினசோட்டா மாநிலத்தில் ஒரு பாடசாலையின் உணவுச்சாலையில் வேலை பார்த்தவர். முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்றவர். 2016 ஜூலை 6ஆம் திகதி பொலிஸ்காரர் ஒருவர் அவருடைய காரை மறித்தார். தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவர் தாமாகவே மரியாதையுடன் தெரிவித்தார். சில விநாடிகளில் பொலிஸ்காரர் ஏழு முறை சுட்டார். பின்னாசனத்தில் நான்கு வயதுக் குழந்தையொன்று இருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஜூரிகள் அந்தப் பொலிஸ்காரரைக் குற்றமற்றவர் எனத் தீர்த்து விடுவித்தனர்.