கண்ணாடி இழைக்கு யார் பொறுப்பு?

2020 ஜனவரி இறுதியில் பிஎஸ்என்எல் ஊழியர்கள் ஏறக்குறைய 78,000 பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். இன்று வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர், பெரும்பாலும், அந்தப் பழைய லைன்மேன் அல்ல. ஒப்பந்தம் எடுத்த உள்ளூர் கேபிள்காரரின் ஆள். அதில் தவறில்லை. தெருவையும் கம்பத்தையும் அறிந்தவர், கூப்பிட்டால் சீக்கிரம் வருவார். ஆனால் செப்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது போன்ற வேலை இல்லை இது. ஒளி ஓடும் கண்ணாடிக் கரு சுமார் 9 மைக்ரான்தான். முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இணைப்பானில் ஒட்டிய தூசியும் சுவர் மூலையில் இறுக மடக்கிய வயரும் ஒளியைத் தின்றுவிடும். வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபான் வகைக் கருவிகளில், வந்துசேரும் ஒளியின் வலு மைனஸ் 27 டிபிஎம் (ஒளி வலுவின் அலகு) அளவுக்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடும். பவர் மீட்டர் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிகிற எண் இது. மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால், மழைக்காலத்தில் அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கு நிறுவனம் கேபிள்காரரைக் காட்டும், அவர் நிறுவனத்தைக் காட்டுவார்.

இணைப்பு கொடுக்கும்போதே ஒளியை மீட்டரில் அளப்பதைக் கட்டாயமாக்கினால் செலவு கூடும் என்பார்கள். மீட்டர் ஒன்றும் இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரத்தின் விலையில் இல்லை; மறுமுறை ஆள் அனுப்பும் செலவே அதிகம். வாடிக்கையாளரே மாட்டிக்கொள்ளட்டும் என்பதும் பாதிதான் சரி: வைஃபை ரவுட்டரை யாரும் மாட்டலாம், கண்ணுக்குத் தெரியாத லேசர் ஓடும் இழையை அல்ல. ஆகவே வேலையை யார் செய்தாலும், மோடம் வரைக்கும் பொறுப்பு பில் போடும் நிறுவனத்துடையது. அளந்த எண்ணை எழுதிய சீட்டு வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும்.