பையனுக்கு ரோபோட்டிக்ஸ், அப்பாவுக்கு ரீல்ஸா?

கொஞ்ச நாளா மண்டைய குடைஞ்சுட்டு இருக்கிற விஷயம் மக்களே, இன்னிக்கு கொட்டிடறேன். நம்ம ஐ.டி. ஆளுங்க கிட்ட ஒரு வியாதி. பிள்ளைக்கு எட்டு வயசானா போதும், சனிக்கிழமை ரோபோட்டிக்ஸ் வகுப்புல கொண்டுபோய் தள்ளிட்டு, அப்பா வெளியில கார்ல ஏசி போட்டு உக்காந்து ரீல்ஸ் பாக்கறார். கேட்டா "எனக்கு எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் வராதுங்க". இத்தனைக்கும் மனுஷன் ஈ.சி.ஈ.! (நாலு வருஷம் என்ன பண்ணார்னு கேக்காதீங்க, நானும் இன்ஜினியரிங் காலேஜ்தான், எனக்குத் தெரியும் :-))

எங்க அக்கா பையன் அப்படி ஒரு வகுப்புக்குப் போனான். எல்லாமே ரெடிமேட். சென்சாரை சொருகு, ஏற்கனவே எழுதி வச்ச ப்ரோக்ராமை ஏத்து, கறுப்புக் கோட்டு மேல கார் ஓடும், போட்டோ, சர்டிபிகேட், முடிஞ்சுது. "எப்படிடா கோட்டை விட்டு விலகாம போகுது?"ன்னு கேட்டேன். "அந்த கிட்டு அப்படித்தான் மாமா." இதுக்கு பொம்மைக் கடையில ரிமோட் கார் வாங்கிக் குடுத்திருக்கலாம்.

அக்கா பி.காம். வகுப்பை நிறுத்திட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்ல சில நூறு ரூபாய்க்கு பிரெட்போர்ட், 9 வோல்ட் பேட்டரி, எல்.ஈ.டி., ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ரெண்டு 555 ஐசின்னு வாங்கிட்டு வந்து தானும் கூடவே உக்காந்துட்டா. முதல் எல்.ஈ.டி.யை நேரா பேட்டரில குடுத்தாங்க. பளீர்னு ஒரு தடவை எரிஞ்சு செத்துப்போச்சு. ரெண்டு பேருக்கும் ஏன்னு தெரியலை. அங்கதான் சார் படிப்பே ஆரம்பிக்குது! சிவப்பு எல்.ஈ.டி.க்கு சுமார் 2 வோல்ட் போதும், மிச்சம் 7 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கணும். கரண்ட் 20 மில்லிஆம்பியரைத் தாண்டக்கூடாதுன்னா, 7-ஐ 0.02-ஆல வகுத்தா 350 ஓம். கடையில 330 இருக்கும், 390 இருக்கும், 350 கேட்டா சிரிப்பாங்க. எதை எடுக்கணும், ஏன்? அம்மாவும் பையனும் அரை மணி நேரம் சண்டை. 390-ன்னு சொன்ன பையன்தான் ஜெயிச்சான்.

அப்புறம் 555. ஹான்ஸ் கேமன்சிண்ட் 1971-ல வடிவமைச்ச சில்லு, இன்னிக்கும் சில ரூபாய்க்கு கிடைக்குது. 10 கே, 68 கே ரெசிஸ்டரோட 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டா, எல்.ஈ.டி. ஏறக்குறைய செகண்டுக்கு ஒரு தடவை கண் சிமிட்டும். அதைக் கழட்டிட்டு 100 போட்டா பத்து செகண்டுக்கு ஒரு தடவை. "பெரிய டேங்க் ரொம்ப நேரமாகும்ல"ன்னு அக்கா சொன்னா. எங்க காலேஜ்ல இவ்வளவு தெளிவா யாரும் சொல்லலை.

"தெரியாது"ங்கிறது சாக்கு இல்லைங்க, அதுதான் தகுதியே. அம்மாவுக்கும் தெரியலை, ஆனா தேடிக் கண்டுபிடிக்கிறான்னு பிள்ளை பக்கத்துல இருந்து பாக்குது. அதை எந்த கிட்டு பெட்டிக்குள்ள வச்சு விப்பீங்க?

"ஆபத்தாச்சே"ம்பீங்க. 9 வோல்ட் பேட்டரியை கையில தொட்டா ஷாக் அடிக்காது. ப்ளக் பாயிண்ட் பக்கம் போகாதீங்க, பழைய மொபைல் பேட்டரியை நோண்டாதீங்க, சின்னக் குழந்தை இருக்கிற வீட்ல பட்டன் செல்லை கண்ணுல காட்டாதீங்க. "நேரம் இல்லை"ங்கிறவங்களுக்கு, அந்த கார்ல உக்காந்திருக்கிற ஒண்ணரை மணி நேரம் யாரோடது?

ஃபீஸ் கட்டியாச்சு, நிறுத்த மனசு வரலையா? சரி, அடுத்த சனிக்கிழமை நீங்களும் உள்ள போய் பிள்ளை பக்கத்துல உக்காரணும்னு கேளுங்க. முடியாதுன்னா, ஏன்னு கேட்டுட்டு வாங்க.