குழந்தையின் பாதத்தில் இருப்பது ஆணியா, மருவா?

“எட்டு வயதுப் பையனுக்குக் குதிகாலில் ஆணி போல ஒன்று வந்திருக்கிறது. நடுவில் கறுப்புப் புள்ளிகள். முள் முனை உள்ளே இருக்கிறது என்று தாத்தா பிளேடால் சீவினார். ரத்தம் வந்ததுதான் மிச்சம். இப்போது பக்கத்திலேயே இன்னும் இரண்டு. எருக்கம்பால் வைக்கலாமா?”
- வாசகி ஒருவர், தொட்டியம்.

எருக்கம்பால் வேண்டாம். சுண்ணாம்பு, சேங்கொட்டை எதுவும் வேண்டாம். அவை நல்ல தோலையும் சேர்த்துப் புண்ணாக்கிவிடும்.

சிறு பிள்ளைகளுக்குக் கால் ஆணி வருவது அபூர்வம். இது பெரும்பாலும் வைரஸால் வரும் பாத மரு. அந்தக் கறுப்புப் புள்ளிகள் முள் அல்ல, ரத்தம் உறைந்த நுண்ணிய குழாய்கள். பாதத்து ரேகைகள் மருவின் மேல் ஓடாமல் சுற்றி விலகிப் போகும். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்தால்தான் அதிகம் வலிக்கும். ‘ஆணி’ என்ற பெயரால் வேர் இருப்பதாக நினைத்துத் தோண்டுகிறார்கள். மருவுக்கு வேர் கிடையாது. அது மேல்தோலில் மட்டுமே வளர்வது. சீவினால் வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் பரவும்.

வலி இல்லையென்றால் விட்டுவிடலாம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே உதிர்ந்துவிடும்.

நடக்க வலித்தால், சாலிசிலிக் அமிலம் கலந்த மருப்பூச்சு மருந்துக்கடையில் கிடைக்கும். தினமும் இரவு பாதத்தை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நகம் தேய்க்கும் அட்டையால் மேல்தோலை லேசாகத் தேய்த்து, சுற்றிலும் வாஸ்லின் தடவி, மருவின் மேல் மட்டும் பூச வேண்டும். அந்த அட்டையை வேறு யாரும் தொடக் கூடாது. எரிச்சலோ புண்ணோ வந்தால் சில நாள் நிறுத்தித் தொடரலாம். 12 வாரம் வரை ஆகும். பாதியில் விடுவதுதான் பலரும் செய்வது. பிளேடு பட்ட காயம் முழுதாக ஆறிய பிறகே தொடங்கவும்.

குளியலறைக்கும் பள்ளிக் கழிப்பறைக்கும் செருப்புப் போட்டுப் போகட்டும். ஈரத்தரையில் இது எளிதில் தொற்றும்.

சிவந்து சூடாக வீங்கினாலோ சீழ் வைத்தாலோ அது உண்மையிலேயே முள்ளாக இருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவும். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பூச்சு கூடாது. தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், மிச்சமிருக்கிறதே என்று தன் காலாணிக்கு இதைத் தொடவே கூடாது. அவர் காலில் ஆகும் சிறு புண்கூட ஆறாமல் போய்விடும்.